ஸ்பெக்ட்ரம் விளையாட்டுகளை இன்று ஆடத் தொடங்குவது எப்படி?

இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் என்ற பழைய வீட்டுக் கணினியின் விளையாட்டு ஒன்றை ஆர்வமாகத் திறக்கும் பலர் ஐந்து நிமிடத்தில் மூடிவிடுகிறார்கள். கேட்டால் படம் பழசாக இருக்கிறது என்பார்கள். நான் பார்த்தவரை சிக்கல் படத்தில் இல்லை. நடக்க எந்த விசை, குதிக்க எந்த விசை என்று தெரியாது. தெரிந்துகொள்வதற்குள் இருந்த உயிரெல்லாம் போய்விடும். விசைகளை முதலில் சரிசெய்துகொண்டு, எளிதானதில் தொடங்கி வரிசையாக ஆடிப் பாருங்கள். நாற்பது வருடப் பழசு என்பதே மறந்துபோகும்.

கணினியைப் பற்றிக் கொஞ்சம்

கிளைவ் சின்க்ளேரின் நிறுவனம் 1982 ஏப்ரலில் பிரிட்டனில் ஸ்பெக்ட்ரத்தை வெளியிட்டது. 16 கே நினைவகம் உள்ளது 125 பவுண்டு, 48 கே உள்ளது 175 பவுண்டு. ரப்பர் விசைகள். திரைக்கு வீட்டு டிவி, சேமிப்புக்குச் சாதாரண டேப் ரெக்கார்டர். விலை குறைவாக இருந்ததால் நிறைய வீடுகளுக்குப் போனது. அதை வாங்கிய பள்ளிப் பிள்ளைகளே புரோகிராம் எழுதக் கற்று, தங்கள் அறையில் உட்கார்ந்து விளையாட்டுகள் செய்து விற்கத் தொடங்கினார்கள். இந்தியாவிலும் டெசிபெல்ஸ் என்ற நிறுவனம் உரிமம் பெற்று, 'டிபி ஸ்பெக்ட்ரம் பிளஸ்' என்ற பெயரில் 1980களின் பின்பாதியில் இதை விற்றது. சில வீட்டுப் பரண்களில் இன்னும் ஒன்று கிடந்தாலும் கிடக்கும்.

தொழில்நுட்பத்தில் இரண்டு விஷயம் தெரிந்தால் போதும். முதலாவது நிறம். திரை அகலத்தில் 256, உயரத்தில் 192 புள்ளிகள். ஆனால் ஒவ்வொரு புள்ளிக்கும் தனி நிறம் கொடுக்க முடியாது. 8-க்கு 8 புள்ளி கொண்ட ஒரு கட்டத்துக்குள் இரண்டே நிறம்தான். திரை முழுவதையும் 6,912 பைட்டுக்குள் அடக்கவே இந்த ஏற்பாடு. விளைவு: பச்சை மரத்தின் முன்னால் மஞ்சள் சட்டைக்காரன் நடந்தால், மரம் அந்த இடத்தில் மஞ்சளாகும், அல்லது அவன் பச்சையாவான். புதிதாகப் பார்ப்பவர்கள் எமுலேட்டர் (பழைய கணினியை இன்றைய கணினிக்குள் ஓட்டிக் காட்டும் மென்பொருள்) கோளாறு என்று நினைத்துச் செட்டிங்குகளைக் குடைவார்கள். கோளாறு இல்லை, 1982-இலும் அப்படித்தான் தெரிந்தது. இதைத் தவிர்க்கத்தான் பிற்காலத்து விளையாட்டுகள் பல ஒரே நிறத்தில், கறுப்புப் பின்னணியில் வரையப்பட்டன.

இரண்டாவது ஒலி. தனி ஒலிச் சில்லு கிடையாது. ஒரு சின்ன ஸ்பீக்கரை மையச் செயலியே ஒரு பிட் கணக்கில் தட்டித் தட்டி ஒலி எழுப்ப வேண்டும். தட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் அதற்கு வேறு வேலை ஓடாது. ஆடும்போதே இடைவிடாமல் பாட்டு ஒலித்த மேனிக் மைனர் என்ற விளையாட்டைப் பார்த்து அன்றைக்கு எல்லோரும் வியந்தது இதனால்தான். பின்னால் வந்த 128 கே மாதிரியில் மூன்று குரல் கொண்ட ஒலிச் சில்லு சேர்க்கப்பட்டது.

எமுலேட்டரும் கோப்புகளும்

கணினியில் ஆடுவதானால் ஃபியூஸ் என்ற எமுலேட்டரைப் பரிந்துரைப்பேன். இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். எதையும் நிறுவ விருப்பமில்லை என்றால், ஜேஎஸ்ஸ்பெச்சி பிரவுசருக்குள்ளேயே ஓடும். போனிலும் ஆப்கள் உண்டு. ஆனால் ஆரம்பத்தில் போன் வேண்டாம். மேனிக் மைனரில் தாவுவதற்கு ஒரு புள்ளி முன்பின் ஆனாலும் உயிர் போகும். தொடுதிரையில் அந்தத் துல்லியம் வராது.

கணினியின் உள்ளே இருக்கும் 16 கே ரோம் (ROM) மென்பொருள், அதாவது பேசிக் மொழியும் அடிப்படை வேலைகளும் உள்ள பகுதி, எமுலேட்டரோடு சேர்ந்தே வரும். அதைத் தேடி அலைய வேண்டாம். 1986-இல் சின்க்ளேரின் கணினித் தொழிலை வாங்கிய ஆம்ஸ்ட்ராட், எமுலேட்டரோடு சேர்த்துக் கொடுக்க அனுமதித்துவிட்டது.

விளையாட்டுக் கோப்புகள் இரண்டு வகை. டேப் (.tap), டிஇசட்எக்ஸ் (.tzx) என்று முடிபவை கேசட்டின் பிரதிகள். ஆரம்பத்திலிருந்து லோட் ஆகும். இசட்80, எஸ்என்ஏ என்று முடிபவை ஏதோ ஒரு கணத்தில் நினைவகம் இருந்த நிலையை அப்படியே எடுத்து வைத்தவை, திறந்தவுடன் ஆடலாம். இரண்டும் கிடைத்தால் கேசட் பிரதியையே எடுங்கள். மற்றது யாரோ எப்போதோ எடுத்தது. எந்த நிலையில் எடுத்தார், ஏமாற்றுக் குறியீடு ஏதாவது உள்ளே போட்டு வைத்தாரா என்று நமக்குத் தெரியாது.

பழையதாகிவிட்டது என்பதால் எல்லாம் இலவசமாகிவிடவில்லை. பல உரிமையாளர்கள் ஆவணத் தளங்களில் வைக்க அனுமதி கொடுத்தார்கள், சிலர் மறுத்தார்கள். மறுத்தவர்களில் முக்கியமானது அல்டிமேட். அந்த நிறுவனத்தை நடத்திய ஸ்டாம்பர் சகோதரர்கள்தான் பிறகு ரேர் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அல்டிமேட் விளையாட்டுகளை முறையாக ஆட விரும்பினால், 2015-இல் எக்ஸ்பாக்ஸ் ஒன்னுக்கு வந்த 'ரேர் ரீப்ளே' தொகுப்பில் ஜெட்பேக், ஏடிக் அட்டாக், சேபர் வுல்ஃப், நைட் லோர் எல்லாம் இருக்கின்றன.

லோட் செய்வது

ஃபியூஸில் எஃப்3 அழுத்திக் கோப்பைத் தேர்ந்தெடுத்தால் மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும். எஃப்9 அழுத்தினால் கணினியின் மாதிரியை மாற்றலாம். ஆரம்பகால விளையாட்டுகளுக்கு 48 கே-யிலேயே வையுங்கள். அவற்றில் சில 128 கே-யில் முரண்டு பிடிக்கும்.

ஆனாலும் ஒரு முறையாவது கையால் லோட் செய்து பாருங்கள். ஸ்பெக்ட்ரத்தில் கட்டளைகளை எழுத்து எழுத்தாக அடிக்க வேண்டாம், ஒரு விசைக்கு ஒரு முழுக் கட்டளை. கணினி தயாராக இருக்கும்போது 'ஜே' விசையைத் தட்டினால் 'லோட்' என்ற சொல் முழுதாக வந்து விழும். அடுத்து சிம்பல் ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு 'பி' விசையை இரண்டு தடவை தட்டினால் மேற்கோள் குறிகள் வரும். ஃபியூஸில் சிம்பல் ஷிஃப்ட்டுக்குப் பதில் கண்ட்ரோல் விசை. அப்புறம் என்டர். கேசட் பிரதியை எஃப்7 வழியாகத் திறந்து எஃப்8 அழுத்தினால் டேப் ஓடத் தொடங்கும்.

வேகமாக லோட் செய்யும் வசதியை அணைத்துவிட்டு இதைச் செய்தால், அந்தக் காலத்துப் பிள்ளைகள் எதிர்பார்ப்போடு உட்கார்ந்திருந்த காட்சி உங்களுக்கும் கிடைக்கும். திரையின் ஓரத்தில் சிவப்பும் வெளிர்நீலமுமாகத் தடித்த கோடுகள் ஓடினால், தரவு வரப்போகிறது என்று அர்த்தம். நீலமும் மஞ்சளுமாக மெல்லிய கோடுகளாக மாறினால் தரவு உள்ளே போகிறது. முகப்புப் படம் மேலிருந்து கீழாக ஒழுங்காக வராது. திரையை மூன்று பங்காகப் பிரித்து, ஒவ்வொரு பங்கிலும் எட்டு வரிக்கு ஒரு வரியாக நிரப்பும். எல்லாம் கறுப்பு வெள்ளையில் முடிந்த பிறகு, கடைசியில் நிறங்கள் சரசரவென்று இறங்கும். 48 கே விளையாட்டு ஒன்று முழுதாக லோட் ஆக ஏறத்தாழ ஐந்து நிமிடம் பிடிக்கும். ஒரு தடவை பார்த்தால் போதும், பிறகு வேக வசதியை மீண்டும் போட்டுவிடலாம்.

விசைகள்: இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்

ஸ்பெக்ட்ரத்தில் ஜாய்ஸ்டிக் செருக இடம் கிடையாது, தனியாக ஒரு பெட்டியை வாங்கிப் பின்னால் மாட்ட வேண்டும். அப்படி வந்த பெட்டிகளில் கெம்ப்ஸ்டன் நிறுவனத்துடையது பரவலாகிவிட்டது. சின்க்ளேரே 'இன்டர்ஃபேஸ் 2' என்று இன்னொன்றை விட்டார். இன்னும் சில எண் விசைகளைத் தட்டியது போலப் பாவனை செய்தன. அதனால்தான் விளையாட்டுகளின் முதல் பக்கத்தில் கீபோர்டு, கெம்ப்ஸ்டன், சின்க்ளேர், கர்சர் என்று ஒரு பட்டியல் வருகிறது. அதில் கெம்ப்ஸ்டன் என்று கண்டால் யோசிக்காமல் அதையே எடுங்கள்.

அதற்கு முன்பு ஃபியூஸில் ஒரு சிறு வேலை. ஆப்ஷன்ஸ் மெனுவில் பெரிஃபெரல்ஸ் பகுதிக்குப் போய் கெம்ப்ஸ்டன் ஜாய்ஸ்டிக்கை இயக்குங்கள். பிறகு அதே மெனுவின் ஜாய்ஸ்டிக்ஸ் பகுதியில், கீபோர்டுக்கு கெம்ப்ஸ்டன் என்று தேர்ந்தெடுத்து அம்புக்குறி விசைகளை நான்கு திசைக்கும், வசதியான ஒரு விசையைச் சுடுவதற்கும் கொடுங்கள். இந்த இரண்டில் ஒன்றை விட்டாலும் ஒன்றும் அசையாது. யுஎஸ்பி கேம்பேட் இருந்தால் இன்னும் நல்லது.

ஜாய்ஸ்டிக் வசதியே இல்லாதவற்றில், மெனுவில் விசைகளை மாற்றும் வழி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அன்றைய வழக்கப்படி இடப்பக்கம் 'ஓ', வலப்பக்கம் 'பி', மேலே 'க்யூ', கீழே 'ஏ', சுட அல்லது தாவ ஸ்பேஸ் என்று வையுங்கள். இடது கைக்கு ஏற்ற இறக்கம், வலது கைக்குப் பக்கவாட்டு. ஒரு மணி நேரத்தில் பழகிவிடும். பழகிய பிறகு வேறு எதுவும் பிடிக்காது.

எந்த வரிசையில் ஆடுவது

முதலில் ஜெட்பேக் (1983, அல்டிமேட்). 16 கே கணினியிலேயே ஓடிய விளையாட்டு. ஆனாலும் ஸ்பெக்ட்ரத்தில் இவ்வளவு வழுவழுப்பாக அசையும் விளையாட்டுகள் குறைவு. விண்வெளி வீரர் முதுகில் கட்டிய எந்திரத்தால் பறந்து, மூன்று துண்டாகக் கிடக்கும் ராக்கெட்டை அடுக்கி, வானிலிருந்து விழும் எரிபொருளை ஆறு தடவை கொண்டுவந்து நிரப்பிவிட்டு ஏறிப் போக வேண்டும். திரையின் இடது ஓரத்தில் வெளியேறினால் வலது ஓரத்தில் வருவீர்கள். துரத்தும் பூதங்களிடமிருந்து தப்ப இதைப் பயன்படுத்துங்கள். விதி முழுவதும் இரண்டு நிமிடத்தில் புரிந்துவிடும் என்பதால் முதல் விளையாட்டுக்கு இதைவிடத் தோதானது இல்லை.

அடுத்து சக்கி எக் (1983). ஏணி ஏறி இறங்கி, கோழிகளிடம் சிக்காமல் ஒவ்வொரு லெவலிலும் 12 முட்டைகளைப் பொறுக்க வேண்டும். விசைகளை மாற்றிக்கொள்ளலாம். எட்டு லெவல் முடிந்ததும் அதே எட்டும் திரும்ப வரும். இந்த முறை, அதுவரை மேலே கூண்டில் அடைந்து கிடந்த பெரிய வாத்து பறந்து துரத்தும். தாவிக்கொண்டே ஏணியைப் பிடிக்கும் பழக்கம் இங்கே வந்துவிட்டால் அடுத்ததற்கு நீங்கள் தயார்.

அடுத்தது மேனிக் மைனர் (1983). மேத்யூ ஸ்மித் என்ற இளைஞர் தனியாளாக எழுதியது, முதலில் வெளியிட்டது பக்-பைட் நிறுவனம். வில்லி என்ற சுரங்கத் தொழிலாளி 20 குகைகளைக் கடக்க வேண்டும். ஒவ்வொரு குகையிலும் மினுங்கும் பொருள்களை எல்லாம் எடுத்தால்தான் வாசல் திறக்கும், அதுவும் காற்று தீர்வதற்குள். ஜோஹான் ஸ்ட்ராஸின் நீல டான்யூப் இசையோடு தொடங்கும். ஆடும்போது க்ரீக் இயற்றிய மலையரசன் மாளிகை இசை பீப் பீப் என்று விடாமல் ஓடும். சலித்தால் 'ஹெச்' விசையைத் தட்டி நிறுத்தலாம். மேல் எழுத்து வரிசையில் உள்ள விசைகள் ஒன்று விட்டு ஒன்று இடம், வலம். கீழ் வரிசை தாவுவதற்கு.

இதைக் கைவேகத்தால் வெல்ல முடியாது. அதைப் புரிந்துகொள்ளாமல்தான் பலர் கோபித்துக்கொண்டு போகிறார்கள். எதிரிகள் எப்போதும் ஒரே பாதையில் ஒரே வேகத்தில் போவார்கள். வில்லி தாவும் உயரமும் தூரமும் மாறவே மாறாது. தாவிய பிறகு நடுவானில் திசை மாற்ற முடியாது. எங்கே நின்று, எப்போது தாவுவது என்று கண்டுபிடித்துவிட்டால் அந்த வழி ஒவ்வொரு முறையும் பலிக்கும். எனவே குகைக்குள் போனதும் ஓடாதீர்கள். நின்று, எதிரிகள் ஒரு சுற்று போய் வருவதைப் பாருங்கள். சில தரைகள் மிதிக்க மிதிக்கக் கரைந்துவிடும். எவை என்று முதல் உயிரைச் செலவழித்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

முடியவில்லை என்றால் வெட்கப்பட வேண்டியதில்லை, கள்ளவழி உண்டு. பக்-பைட் பதிப்பில் ஆடும்போது 6031769 என்று தட்டினால் உயிர்களின் வரிசையில் ஒரு பூட்ஸ் தோன்றும். அதன் பிறகு 1 முதல் 5 வரையுள்ள எண் விசைகளில் சிலவற்றைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு 6 அழுத்தினால் வேறு குகைக்குத் தாவலாம். உயிர்கள் குறையாமலே இருக்க வேண்டுமானால் நினைவகத்தில் 35136-ஆம் இடத்தில் 0 என்று போடுங்கள்.

தொடர்ச்சியாக வந்த ஜெட் செட் வில்லியை (1984) இதன் பிறகே தொடுங்கள். வில்லி பணக்காரனாகிவிட்டான், பெரிய மாளிகையில் அறை அறையாகச் சுற்றி, விருந்தில் இறைந்து கிடக்கும் பொருள்களைச் சேகரிக்க வேண்டும். ஒரு எச்சரிக்கை: முதலில் வெளியான பதிப்பில், 'ஏட்டிக்' என்ற மாடியறைக்குள் போய்விட்டால் வேறு சில அறைகள் கெட்டுப்போகும். அப்புறம் ஆட்டத்தை முடிக்கவே முடியாது. வெளியீட்டாளர்கள் முதலில் அது வேண்டுமென்றே வைத்தது என்றார்கள், பிறகு திருத்தத்தை வெளியிட்டார்கள். திருத்திய பிரதியைத் தேடி எடுங்கள்.

முப்பரிமாணம் போல் தோன்றும் விளையாட்டுகளின் பக்கம் போக விரும்பினால் நைட் லோர் (1984) வரலாற்றுக்காகப் பார்க்க வேண்டியது. அறையைச் சாய்வான கோணத்தில் மேலிருந்து காட்டும் முறை இதனால்தான் பரவியது. பொருள்கள் நிறைய அசையும் அறையில் ஆட்டம் மெதுவாகும். செயலி திணறுவதால் வருவது அது, உங்கள் கணினியின் குறை அல்ல. ஆனால் நான் ஆடச் சொல்வது ஹெட் ஓவர் ஹீல்ஸ் (1987). ஜான் ரிட்மனும் பெர்னி டிரம்மண்டும் செய்தது. இரண்டு பாத்திரங்கள். ஹெட் உயரமாகத் தாவுவான், டோனட்டுகளை எறிந்து எதிரியை நிறுத்துவான். ஹீல்ஸ் வேகமாக ஓடுவான், பை கிடைத்தால் பொருள் தூக்குவான். தனித்தனியாகத் தொடங்கி, சந்தித்ததும் ஒருவன் மேல் ஒருவன் ஏறிக்கொண்டால் இருவர் திறமையும் சேரும். வழியில் கிடைக்கும் மீனைத் தொட்டால் அந்த இடத்திலிருந்தே பிறகு தொடரலாம். அந்தக் காலத்தில் இது பெரிய கருணை. ஸ்பெக்ட்ரத்தில் ஒன்றே ஒன்றுதான் ஆடுவேன் என்று யாராவது அடம்பிடித்தால் இதைத்தான் கொடுப்பேன்.

சிரிக்க வேண்டுமானால் ஸ்கூல் டேஸ் (1984). எரிக் என்ற பையன் ஆசிரியர் அறைப் பெட்டகத்திலிருந்து தன் ரிப்போர்ட் கார்டைத் திருட வேண்டும். நடுவில் மணி அடித்தால் வகுப்புக்குப் போய் உட்கார வேண்டும், இல்லையென்றால் தண்டனையாக வரிகள் எழுதச் சொல்வார்கள். 10,000 வரியைத் தாண்டினால் பள்ளியை விட்டே வெளியே. தொடக்கத்தில் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் நீங்களே பெயர் வைக்கலாம். யார் பெயரை வைப்பீர்கள் என்று நான் கேட்கப் போவதில்லை.

நண்பர்கள் கூடினால் கேயாஸ் (1985). ஜூலியன் கோலப் எழுதியது. இவர்தான் பின்னால் 1994-இல் வந்த எக்ஸ்-காம் விளையாட்டுக்குக் காரணமானவர். மந்திரவாதிகள் எட்டுப் பேர் வரை ஒரே கீபோர்டில் முறை வைத்து ஆடலாம், ஆள் குறைந்தால் கணினி ஆடும். சூட்சுமம் இதுதான்: எந்தப் பிராணியையும் மாயத்தோற்றமாக வரவழைத்தால் மந்திரம் தவறாமல் பலிக்கும், அது நிஜப் பிராணி போலவே கடிக்கும், கொல்லும். ஆனால் எதிராளி 'நம்பவில்லை' என்ற மந்திரத்தைப் போட்டால் மறைந்துவிடும். நிஜப் பிராணி என்றால் அவர் முறை வீண். எனவே சின்னப் பிராணியைப் பொய்யாகவும் டிராகனை நிஜமாகவும் வரவழைத்துப் பாருங்கள். 'எஸ்' விசையைச் சுற்றியிருக்கும் எட்டு எழுத்துகள்தான் எட்டுத் திசை.

பொறுமைசாலிகளுக்கு மைக் சிங்கிள்டனின் தி லார்ட்ஸ் ஆஃப் மிட்நைட் (1984). காகிதமும் பென்சிலும் எடுத்து வரைபடம் போட்டுக்கொண்டு ஆட வேண்டும். முதல் வாரத்தில் வேண்டாம்.

ஒன்றை மட்டும் லேப்டாப்பில் ஆடாதீர்கள்: டேலி தாம்சன்ஸ் டெகாத்லான் (1984). இரண்டு விசைகளை மாற்றி மாற்றி வெறித்தனமாகக் குத்தினால்தான் ஓட முடியும். ரப்பர் விசைகளையே பதம் பார்த்த விளையாட்டு அது.

சேவ் செய்வது

பெரும்பாலான விளையாட்டுகளில் சேவ் வசதி கிடையாது. ஃபியூஸில் எஃப்2 அழுத்தினால் அந்தக் கணம் அப்படியே கோப்பாகிவிடும். ஒவ்வொரு குகைத் தொடக்கத்திலும் ஒரு முறை சேவ் செய்தால் போதும். ஒவ்வொரு தாவலுக்கும் சேவ் செய்தால் மேனிக் மைனரை ஒரே மாலையில் முடித்துவிடலாம், ஆனால் ஆடிய சுகம் இருக்காது.

நிஜக் கணினி வாங்கலாமா?

புதியவர்கள் அவசரப்பட வேண்டாம். பழைய ஸ்பெக்ட்ரத்தில் விசைகளுக்கு அடியில் இருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாள் காய்ந்து வெடித்திருக்கும், நினைவகச் சில்லுகளும் போயிருக்கலாம். மின்சாரச் செருகியின் நடுமுனை எதிர்மறை. கையில் கிடைக்கும் வேறு அடாப்டரைச் செருகினால் எந்திரம் போய்விடும். ரப்பர் விசை ஆசை விடாது என்றால், 2024-இல் ரெட்ரோ கேம்ஸ் நிறுவனம் 'தி ஸ்பெக்ட்ரம்' என்று ஒன்றை வெளியிட்டது. பழைய தோற்றம், ஹெச்டிஎம்ஐ இணைப்பு, உள்ளேயே 48 விளையாட்டுகள். தவறு செய்தால் சில வினாடி பின்னால் போகும் வசதியும் உண்டு.

பழையதை எல்லாம் ஆடி முடித்தவர்களுக்கு ஒன்று. ஸ்பெக்ட்ரத்துக்கு இன்றும் புது விளையாட்டுகள் எழுதுகிறார்கள். ஜொனாதன் கால்ட்வெல் உருவாக்கிய ஆர்கேட் கேம் டிசைனர் போன்ற கருவிகளால் அது எளிதாகிவிட்டது. இட்ச் (itch.io) என்ற விளையாட்டுத் தளத்தில் ஸ்பெக்ட்ரம் என்று தேடினால் நிறைய வரும், பெரும்பாலானவை இலவசம், விசைகளும் அநேகமாக 'ஓ', 'பி', 'க்யூ', 'ஏ' தான்.